ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

திங்கள், மார்ச் 7, 1983

வெயில். காலை ஏழரைக்கே கழுத்துப் பவுடர் கரைந்தது. ஆங் மோ கியோ வீட்டிலிருந்து ஆபீஸ் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

இன்று செய்ய வேண்டியவை:
பேக்கப் டேப்புக்கு லேபிள்.
கிளினிக் பிரிண்ட் அவுட்.
மே லிங்கின் டிபன் டப்பா, திருப்பிக் கொடுக்க.
அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஜூரோங் கப்பல் பட்டறை கிளினிக் வேலை முடியப்போகிறது. அலமாரி அட்டைகளில் இருந்த நோயாளிகள் எல்லாரும் கம்ப்யூட்டருக்குள் குடி போய்விட்டார்கள். இரண்டு பெண்கள் நாலு மாதம் உட்கார்ந்து தட்டினார்கள், மே லிங் அதில் ஒருத்தி. இன்று ஓடியது என் புரோகிராம். ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை இருந்தால் ஒன்றாகச் சேர்க்கும். பழைய ஆட்கள் பலருடைய அட்டையில் ஐ.சி. எண், அரசு அடையாள எண், கிடையாது. அவர்களுக்காக நான் ஒரு விதி வைத்தேன்: பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மூன்றும் ஒன்றானால் ஆளும் ஒன்று. பிந்திய அட்டை நிற்கும், பழையது போகும்.

அட்டைகள் 3112. ஓட்டி முடித்ததும் பதிவுகள் 3071. நாற்பத்தொன்று குறைந்தது.

மேனேஜர் சந்திரன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பட்டறைக்குப் போன் போட்டு, "நாற்பத்தொரு போலி அட்டைகளைக் கண்டுபிடித்தோம்" என்று இங்கிலீஷில் அளந்தார். சாருக்கு நாலு பேர் முன்னால் இங்கிலீஷ்தான். மறைக்க வேண்டியது இருந்தால் தமிழ் வரும்.

18 வெள்ளி, ஒப்படைப்பு. 19 சனி, அட்டைகளை எரிக்க லாரி வருகிறது. அலமாரி இருந்த இடத்தில் புதுக் கட்டில் போடுவார்களாம்.

கண்டுபிடித்தது என் புரோகிராம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். போகட்டும். எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் இரண்டு கோப்பி.

தைலம் மறந்துவிட்டேன்.

செவ்வாய், மார்ச் 8

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. புழுக்கம்.

அந்த நாற்பத்தொரு பேர் பட்டியலை யாரும் வாசித்திருக்க மாட்டோம். கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி. சரியான கணக்கை எவன் வாசிப்பான்? பிரிண்டரில் காகிதம் சிக்கிக் கிழிந்தது, மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்றபோது கண் தானாக ஓடியது. பிறந்த தேதி என்ற கட்டத்தில் 0101. அதன் கீழே 0101. அதன் கீழும்.

முதலில் சிரிப்பு வந்தது. மே லிங் சோம்பேறித்தனமாகத் தட்டிவிட்டாளோ? கேட்டேன். இங்கிலீஷில் சண்டைக்கே வந்துவிட்டாள். "கார்டுல இருந்தத அடிச்சோம் லா. ரெண்டு தடவ அடிச்சு ஒத்துப் பாத்தோம். நீதானே அப்பிடிச் செய்யச் சொன்னே?"

நான்தான் சொன்னேன். ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி பார்க்காமல் அடித்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுவது. நல்ல முறைதான். அட்டையில் இருப்பது அப்படியே உள்ளே போகும். அட்டையில் இருப்பது உண்மையா என்று அந்த முறைக்குத் தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாடு. சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, உங்க பொறந்த நாள் என்ன?"

"ஜனவரி ஒண்ணு. ஏன், கேக் வாங்கப் போறியா?"

"நெஜமா?"

"நெஜத்த எவன் கேட்டான்? கப்பல விட்டு எறங்கினதும் ஆபீஸர் கேட்டான், எப்பப் பொறந்தேன்னு. தெரியாதுன்னேன். ஒண்ணு ஒண்ணுன்னு எழுதிக்கிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டுட்டான். எங்க வரிசையில பாதிப் பேரு அன்னிக்கிப் பொறந்தவங்கதான்."

"ஞானஸ்நானச் சீட்டு இருந்திருக்குமே?"

"அது ஊர்க் கோயில் பீரோவுல இருந்துச்சு. நான் கப்பல்ல இருந்தேன்."

"வருசம்?"

"மூஞ்சியப் பாத்துப் போட்டான். இருபது, இருபத்தஞ்சு, முப்பது. நடுவுல ஒண்ணும் கெடையாது."

அம்மா சிரித்தாள். நான் தட்டை நகர்த்திவிட்டேன்.

பள்ளிக்கூடப் படிவம், வீட்டுப் படிவம், எல்லாவற்றிலும் அப்பாவுடைய ஒண்ணு ஒண்ணை நிரப்பியது என் கை. அதே கைதான் இந்த விதியையும் எழுதியது. சீன வீட்டில் வளர்ந்த மே லிங் எழுதியிருந்தால் மன்னிக்கலாம். வெள்ளைக்காரன் எழுதியிருந்தால் திட்டலாம். பிலோமினா எழுதினாள். அவளை என்ன செய்ய?

புதன், மார்ச் 9

ஜூரோங் கிளினிக். இரண்டு பஸ், ஒன்றேகால் மணி நேரம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஜோடி அட்டையையும் எடுத்துப் பார்க்கப் போனேன்.

கிளினிக்கில் அட்டைகளுக்குப் பொறுப்பு காதர் பாய், மருந்து கட்டுகிறவர். என்னைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"மறுபடியுமா? தங்கச்சி, பத்து நாள்ல இந்த இரும்புப் பொட்டி ஒழியும்னு இருக்கேன். புதுக் கட்டிலுக்கு எழுதிக் குடுத்து ஒரு வருசம் ஆச்சு. கட்டுப் போட வர்றவன் நின்னுக்கிட்டுப் போட்டுக்கிறான்."

"நாற்பத்தொரு ஜோடி மட்டும் பாய்."

"உங்களுக்கு அது வெறும் தூசி. எனக்கு ஆஸ்துமா."

மூக்கில் துணி கட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது ஜோடி: ராமசாமி மகன் முனியாண்டி, 1-1-1920. ராமசாமி மகன் முனியாண்டி, 1-1-1920. நம்ம ஆட்களில் இந்தப் பெயர்களுக்கா பஞ்சம்? ஒரு அட்டையின் மூலையில் பென்சிலால் 'பெயின்ட்'. இன்னொன்றின் மூலையில் 'கிரேன்'.

"இது என்ன பாய்?"

"ஒருத்தரு பெயின்ட் அடிச்சாரு, ஒருத்தரு கிரேன் ஓட்டினாரு. ரெண்டு பேரும் ரிட்டையர். முனியாண்டின்னு கூப்புட்டா ரெண்டு பேரும் வருவாங்க. அதான் எல்லாருக்கும் வேலையப் போட்டு வச்சிருக்கேன்."

எல்லாருக்கும்! இருபது வருடமாக இந்த ஆள் பென்சிலால் பிரித்து வைத்திருக்கிறார். தட்டுகிற பெண்களுக்கு நான் கொடுத்த தாளில் முதல் வரி: மையால் எழுதியதை மட்டும் ஏற்றவும், பென்சில் கிறுக்கல்கள் வேண்டாம். கிறுக்கல் என்று எழுதியிருந்தேன்.

பெயின்ட் முனியாண்டியின் அட்டையில் சிவப்பு மையில் பெரிய வட்டம். பெனிசிலின் கூடாது. ஒரு தடவை ஊசி போட்டு மூச்சு நின்று, ஆம்புலன்ஸில் கொண்டு போனார்களாம். சிவப்பும் மைதான், பெண்கள் ஒழுங்காக ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் அவருடையது பழைய அட்டை, கிரேன்காரருடையது புதியது. பிந்தியது நிற்கும், பழையது போகும். போய்விட்டது.

கம்ப்யூட்டர் டெர்மினலில் முனியாண்டி என்று தட்டினேன். ஒரே ஒரு ஆள். ஒவ்வாத மருந்து: இல்லை.

வெளியே பெஞ்சில் அவரே உட்கார்ந்திருந்தார், பெயின்ட் முனியாண்டி. சர்க்கரைப் புண், காலில் கட்டு. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா, ஊசி போடுறப்போ பெனிசிலின் ஒத்துக்காதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுவீங்களா?"

"முன்ன சொல்லுவேன். இனிமே எதுக்கு? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களாமே. நம்ம தமிழ்ப் புள்ள ஒண்ணு செஞ்சதுன்னு பாய் சொன்னாரு. நீதானாம்மா?"

ஆமாம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வரை பார்த்ததில்: நாற்பத்தொன்றில் பன்னிரண்டுதான் நிஜமாக ஒரே ஆள். மீதி இருபத்தொன்பதும் வேறு வேறு மனிதர்கள். என் புரோகிராம் இருபத்தொன்பது பேரை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டிருக்கிறது. நான் அதற்குக் கோப்பி குடித்துக் கொண்டாடியிருக்கிறேன்.

வியாழன், மார்ச் 10

மழை. குடை ஆபீஸில், நான் பஸ் ஸ்டாப்பில்.

சந்திரன் சாரிடம் சொன்னேன். அறைக் கதவைச் சாத்தினார். தமிழ் வந்துவிட்டது.

"இப்ப வந்து சொல்றியே பிலோ! நாப்பத்தொண்ணுன்னு நான் பட்டறைக்குச் சொல்லியாச்சு. அவங்க டைரக்டர் வரைக்கும் போயாச்சு."

"பன்னெண்டுன்னு திருத்திச் சொல்லுங்க சார்."

"ஹேண்டோவர் முடியட்டும். ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாம். நீ டெஸ்ட் ஷீட்ல கையெழுத்தப் போடு."

"அட்டைய எரிச்சப்புறம் எதை வச்சுப் பாக்குறது?"

"பேக்கப் டேப் இருக்குல்ல?"

"அதுல பென்சில் இல்ல சார். யாரு யாருன்னு அட்டையிலதான் இருக்கு."

சார் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாக, செல்லமாகக் கேட்டார். "இந்த ரூல எழுதினது யாரு?"

"நான்."

"அப்ப வெளிய வந்தா யாரு பேரு கெடும்?"

"என் பேருதான் சார். கெடட்டும்."

இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுதியவளே சொல்கிறேன் தப்பு என்று, இன்னும் என்ன சாட்சி வேண்டும்? கையெழுத்துப் போட மாட்டேன். 'சோதித்தவர்' என்ற கட்டத்துக்கு மேல் என் பெயர் வந்தால், முனியாண்டியின் கையில் ஊசி ஏறும்போது பிடித்திருப்பது என் கை.

இரண்டு செருப்பும் நனைந்து போச்சு.

வெள்ளி, மார்ச் 11

தவக்காலம். கறி, மீன் இல்லை. கான்டீனில் ஆறிப்போன பீஹூன் நூடுல்ஸ்.

தண்டனை வந்தது. என் புரோகிராம் இருக்கும் பகுதிக்கான பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். இனி எனக்கு வேலை பயனர் கையேடு எழுதுவது. எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும், அதுதான். "உனக்கு எழுத்து நல்லா வருது," என்றார், எல்லார் முன்னாலும், இங்கிலீஷில்.

பாஸ்வேர்டை மாற்றினால் என் மூளையை என்ன செய்வார்? கோடிங் தாள் வாங்கிக்கொண்டேன், ஒரு கட்டு. பென்சில் இரண்டு.

பழைய பிரிண்ட் அவுட்டில் அந்த விதிக்கு மேல் நானே எழுதி வைத்த குறிப்பைப் பார்த்தேன்: ஒரே ஆள், சேர். அவ்வளவுதான். ஏன் ஒரே ஆள் என்று நினைத்தாய்? யாரைக் கேட்டாய்? ஒரு வரி இல்லை. புரோகிராம் என்ன செய்கிறது என்று புரோகிராமே சொல்லும். ஏன் என்பதை மட்டும்தான் நாம் எழுத வேண்டும். அதைத்தான் எழுதவில்லை.

கோயிலில் சிலுவைப் பாதை. ஆறாம் ஸ்தலத்தில் கவனம் போய்விட்டது, மனசுக்குள் அடைப்புக்குறி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாமா? "சாமி, பெயரும் தேதியும் ஒத்தால் ஆளும் ஒன்று என்று எழுதிவிட்டேன்" என்றால் பாதர் மூன்று அருள்நிறை மரியே கொடுத்து அனுப்பிவிடுவார். அதில் இருபத்தொன்பது பேர் திரும்பி வர மாட்டார்கள்.

ஞாயிறு, மார்ச் 13

மேகமூட்டம். பூசை முடிந்து அப்பாவோடு தேக்கா. புது மார்க்கெட்டில் அப்பாவின் சிநேகிதர்கள் கூடும் தே கடை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒருவர் மட்டும் தொப்பி. ஏழு பேர். நோட்டை எடுத்தேன்.

"ஐயா, ஒங்க பொறந்த தேதி சொல்லுங்க."

"எதுக்கு? ஜாதகம் பாக்கவா? அந்தோணி, ஒம் பொண்ணு வேதக்கார வீட்டுல ஜாதகம் பாக்க ஆரம்பிச்சிருச்சா?"

மேசையே குலுங்கியது. அப்பாவுக்கு வெட்கம். சொல்லி முடித்தபோது ஏழில் ஐந்து பேர் ஜனவரி ஒன்று. ஒருவர் ஜூலை ஒன்று ("எனக்கு வேற ஆபீஸர்"). தொப்பிக்காரர் மட்டும் நாகூரில் எழுதிய தாளோடு வந்தவராம், பெருமையாக நவம்பர் பதினேழு என்றார்.

ஒரு தே கடை மேசை. மூன்று நிமிடம். புரோகிராம் எழுதுவதற்கு முன் இங்கே வந்து ஒரு தே குடித்திருந்தால் போதும். நான் சோதனைக்கு என்ன ஆட்களை வைத்தேன்? நானே கற்பனை செய்தவர்கள். ஏ, பி, சி. ஆளுக்கொரு தேதி, ஆளுக்கொரு அப்பா. நான் பெற்ற பிள்ளைகள் என்னையா எதிர்த்துப் பேசப் போகிறார்கள்?

பஃபலோ ரோட்டில் கீரை, முருங்கைக்காய். தைலம் வாங்கினேன், கடைசியில்.

திங்கள், மார்ச் 14

பஸ்ஸில் உட்கார இடம். முழங்காலில் தாள் வைத்து விதியைத் திருத்தி எழுதினேன்.

1. பிறந்த தேதி ஒண்ணு ஒண்ணாக இருந்தால் அதை நம்பாதே. சேர்க்காதே. சந்தேகப் பட்டியலில் போடு, மனிதர் பார்க்கட்டும்.
2. வேலைப் பெயருக்கு ஒரு கட்டம். பென்சில் உள்ளே வரவேண்டும்.
3. எதையும் அழிக்காதே. சேர்த்தாலும் பழையதை ஓரமாக வை. நாளைக்குத் தப்பு என்று தெரிந்தால் பிரிக்க வேண்டுமே.

மூன்றையும் ஒரே நாளில் மாற்றத் தோன்றியது. வேண்டாம். ஒன்றை மாற்று, ஓட்டு, பார். அப்புறம் அடுத்தது. கோபத்தில் இருக்கும்போது இது இன்னும் முக்கியம்.

பாஸ்வேர்ட் இல்லாமல் எப்படி ஓட்டுவது? கம்ப்யூட்டரில் பயிற்சிக்கென்று ஒரு மூலை எல்லாருக்கும் உண்டு. அங்கே இரண்டு முனியாண்டிகளை மட்டும் ஏற்றினேன். எதிர்பார்ப்பு: இரண்டு பேர். முதலில் பழைய விதியை ஓட்டினேன், தோற்க வேண்டும் என்றே. வந்தது ஒருவர். பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். புதிய விதி: இரண்டு பேர், பெனிசிலின் குறி அதே இடத்தில்.

முதலில் தோற்பதைக் காட்டு, பிறகு ஜெயிப்பதைக் காட்டு. ஜெயிப்பதை மட்டும் காட்டினால் சந்திரன் சார் ஆகிவிடுவோம்.

கையேடும் எழுதுகிறேன். எழுதச் சொன்னாரே! முதல் பக்கத் தலைப்பு: 'இந்தக் கம்ப்யூட்டரில் இல்லாதவர்கள்.' கீழே இருபத்தொன்பது பெயர், வேலைப் பெயரோடு. பெனிசிலின்காரர் முதலில். இவர்கள் வந்தால் திரையை நம்ப வேண்டாம். இப்படியானதற்குக் காரணம் நான் எழுதிய விதி. பி. அந்தோணி மகள் பிலோமினா.

புதன், மார்ச் 16

இடி. மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தது, ஆபீஸ் முழுக்க ஓலம்.

கையேட்டைச் சந்திரன் சார் பார்த்தார். முதல் பக்கத்தை உருவி மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"மறுபடி டைப் அடி."

"மாட்டேன் சார்."

"அப்ப ரெண்டாம் பக்கத்துல இருந்து போகட்டும். யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன்."

"பிலோ, உனக்கு இருபத்தேழு வயசு. கம்ப்யூட்டர் வேலை எல்லாருக்கும் கெடைக்கிறதில்ல. ஒரு கையெழுத்து. அப்புறம் நானே உன்ன சீனியர் ஆக்குறேன்."

கோபத்தைவிட ஆச்சரியம். நிஜமாகவே நல்லது செய்வதாக நினைக்கிறார் இந்த மனுஷன்! குரலில் அக்கறை. அதுதான் பயமாக இருந்தது, ஒரு நிமிடம் கை பேனாவைத் தேடியது. இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் நான் ரொம்ப தைரியசாலி என்று பீற்றிக்கொள்ளாமல் இருக்க.

வியாழன், மார்ச் 17

வெயில். காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"வேல போயிருமாடி?"

"போகலாம்."

"தப்பு ஒம்மேலதானே?"

"ஆமா."

"அப்ப நீதான் சொல்லணும், வேற எவ சொல்லுவா?" கொஞ்சம் கழித்து, "கையெழுத்துப் போட்டுட்டு எங்கூட கோயில்ல நன்மை எடுக்க வந்து நிக்காத," என்றாள்.

ஒழிந்தது. இனி பயப்படவும் வழியில்லை.

காதர் பாய்க்குப் போன் செய்தேன். இரண்டு முனியாண்டி அட்டைகளையும் நாளைக்கு வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். "எங் கட்டிலு?" என்றார். கட்டில் வராமல் போகலாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

வெள்ளி, மார்ச் 18

வெயில், காற்று இல்லை. நீல ஸ்கர்ட், கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை.

கிளினிக் அறையில் ஐந்து பேர். டாக்டர் (சீனப் பெண்மணி, ஐம்பது இருக்கும்), பட்டறையின் ஊழியர் பிரிவு அதிகாரி, சந்திரன் சார், காதர் பாய், நான். சார் அரைமணி நேரம் பேசினார். நாற்பத்தொன்று இரண்டு தடவை வந்தது. கையேடு கொடுத்தார், இரண்டாம் பக்கத்தில் தொடங்கும் கையேடு. யாரும் எண்ணவில்லை. அது அவர் சொன்ன மாதிரியே.

டெஸ்ட் ஷீட் கைமாறி என்னிடம் வந்தது. முடிவு என்ற கட்டம் காலி. இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதினேன்: தோல்வி. கீழே என் பெயர். டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

சார் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு: "போதும் பிலோ. வெளிய வா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம் சார்," என்று இங்கிலீஷில் சொன்னேன். எல்லாருக்கும் புரியட்டும்.

காதர் பாயைப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. ஒரு கட்டில், ஒரு வருடம், எனக்கும் புரிந்தது. அப்புறம் மேசை டிராயரைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார். என்னை முறைத்தார், அவ்வளவுதான்.

காட்டினேன். இரண்டு அட்டை, திரையில் ஒரு ஆள். திங்கட்கிழமை எடுத்த பிரிண்ட். சிவப்பு வட்டம்.

டாக்டர்: "இந்த விதியை யார் வைத்தது?"

"நான்."

"ஏன்?"

"என் அப்பாவுக்கும் இதே பிறந்த நாள். தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. இருபத்தொன்பது பேரும் கம்ப்யூட்டருக்குள் வந்து, அதை நானே சரிபார்க்கும் வரை ஒரு அட்டை கூட இந்த அறையை விட்டுப் போகாது, லாரியை வேண்டாம் என்று சொல்லுங்கள், என்றார். எத்தனை நாள் ஆகும் என்று என்னைக் கேட்டார். விதி தாளில் தயார், பாஸ்வேர்ட் கிடைத்தால் ஒரு நாள், என்றேன். சார் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி, என்னைப் பார்க்காமல் மேசை மேல் தள்ளினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜூரோங்கிலிருந்து டவுன் வரை அந்தத் துண்டுத் தாளை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சனி, மார்ச் 19

காலையிலேயே தூறல். எட்டு மணிக்கு கிளினிக்.

தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் டேப்பில் ஒரு நகல். விதியை ஏற்றி, ஓட்டி, பார்த்து, அடுத்ததை ஏற்றி. பிறகு இருபத்தொன்பது அட்டை. நான் தட்டினேன், மே லிங் ("ஓவர்டைம் இல்லேன்னா லஞ்ச் வாங்கிக் குடு லா") பார்க்காமல் மறுபடி தட்டினாள். காதர் பாய் மூக்கில் துணியோடு பென்சில் எழுத்தை வாசித்தார். பெயின்ட். கிரேன். வெல்டிங். கயிறு. சமையல். இன்னொரு சமையல்.

கட்டில் வந்து இறங்கி நடைவழியில் நிற்கிறது. அதைத் தாண்டித் தாண்டிப் போகிற ஒவ்வொரு தடவையும் பாய் எனக்குக் கேட்கும்படி பெருமூச்சு விட்டார்.

பன்னிரண்டரைக்குப் பதிவுகள் 3100. அட்டையில் நிஜ ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை பேர். முனியாண்டி என்று தட்டினால் இரண்டு வரி. சிவப்பு மை திரையில் வராது, எல்லாம் பச்சை. ஆகவே பெனிசிலின் கூடாது என்பதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் மூன்று மூன்று.

டாக்டர் வந்து தானே பதினைந்து பெயர் தட்டிப் பார்த்தார். தலையாட்டினார். புது டெஸ்ட் ஷீட் எடுத்தேன். முடிவு: தேர்ச்சி. இதை எழுதும்படி யாரும் சொல்லவில்லை.

போன். சந்திரன் சார், வீட்டிலிருந்து. குழந்தை அழுகிற சத்தம் பின்னால்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"பிலோ, ஒண்ணே ஒண்ணு. தேதி மட்டும் நேத்து போட்டுடு. பதினெட்டு. நேத்து போட்டா ஹேண்டோவர் டயத்துக்கு முடிஞ்சதா ஆயிடும், பழைய ஷீட்டக் கிழிச்சுடலாம். திங்கக்கெழம நம்ம டைரக்டர் உன்னக் கூப்புட்டிருக்காரு, தெரியும்ல? நான் உன் பக்கம் பேசுறேன். ஒரு தேதிதானே?"

மே லிங் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயும்.

"டைரக்டரப் பாத்துக்கறேன் சார்," என்று போனை வைத்தேன்.

பத்தொன்பது என்று போட்டேன். கார்பன் தாண்டி மூன்றாவது நகலிலும் விழுகிற மாதிரி, அழுத்தி.